மின் திரளாக்கம்

மின் திரளாக்கம் என்பது நீரில் கரைந்தும் கலந்தும் உள்ள மாசுகளை மின்னோட்டத்தின் துணைகொண்டு திரளச் செய்து பிரித்தெடுக்கும் நீர்த் தூய்மையாக்க முறை ஆகும். இரும்பு அல்லது அலுமினியத் தகடுகளை நீரில் அமிழ்த்தி, அவற்றின் ஊடாக நேர் மின்னோட்டத்தைச் செலுத்தும்போது தகட்டிலுள்ள உலோகம் சிறிது சிறிதாக நீரில் கரைகிறது. கரைந்த உலோகம் ஐதராக்சைடாக மாறி, மாசுகளைத் தன் பரப்பில் பற்றிக்கொண்டு திரள்களாகச் சேர்கிறது. இத்திரள்கள் அடியில் படிந்தோ மேலே மிதந்தோ பிரிந்த பின்னர் தெளிந்த நீர் கிடைக்கிறது.

இம்முறை பெரும்பாலும் "வேதிப்பொருள் சேர்க்காத முறை" என்று அறிமுகப்படுத்தப்படுகிறது. இது ஓரளவே சரியானது. வழக்கமான முறையில் மூட்டையாகவோ கரைசலாகவோ வந்து சேரும் வேதிப்பொருள், இங்கு உலோகத் தகட்டிலிருந்து அதே இடத்தில் உருவாக்கப்படுகிறது. எவ்வளவு உருவாக வேண்டும் என்பதை மின்னோட்டம் முடிவு செய்கிறது. மேலும், நீரிலிருந்து நீங்கும் மாசு அழிந்துவிடுவதில்லை. கசடாக வேறிடத்தில் சேர்கிறது. இவ்விரண்டையும் கருத்திற்கொண்டே இம்முறையின் பயனை மதிப்பிட இயலும்.

திரளாக்கம் என்றால் என்ன

கலங்கிய நீரில் உள்ள மிக நுண்ணிய துகள்கள் பல நாட்கள் ஆனாலும் தாமாக அடியில் படிவதில்லை. இத்தகைய துகள்கள் கூழ்மத் துகள்கள் எனப்படும். இயற்கை நீரில் இவை பெரும்பாலும் எதிர்மின்னேற்றம் கொண்டுள்ளன. ஒரே வகை மின்னேற்றம் கொண்டவை ஒன்றையொன்று விலக்குவதால் அவை நெருங்கிச் சேர்ந்து பெரிதாக முடிவதில்லை.

இவ்விலக்கத்தைக் குறைத்துத் துகள்களை ஒன்று சேர்ப்பதே திரளாக்கம் ஆகும். தமிழகச் சிற்றூர்களில் மண்பானையின் உட்புறம் தேற்றாங்கொட்டையைத் தேய்த்துக் கலங்கல் நீரைத் தெளிய வைக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வந்துள்ளது. கொட்டையிலிருந்து கரையும் பொருள்கள் துகள்களை ஒன்றோடொன்று பிணைக்கின்றன. நகராட்சி நீர்த் தூய்மையாக்க நிலையங்களில் இதே பணியைப் படிகாரம் செய்கிறது. படிகாரத்தில் உள்ள அலுமினிய அயனி மூன்று நேர்மின்னேற்றங்களைக் கொண்டது. இது துகள்களின் எதிர்மின்னேற்றத்தை ஈடுசெய்வதுடன், ஐதராக்சைடாக மாறிப் பஞ்சு போன்ற திரள்களையும் உண்டாக்குகிறது.

படிகாரத்துடன் சல்பேட்டும் நீரில் சேர்கிறது. நீரின் காரத்தன்மையும் குறைகிறது. மின் திரளாக்கத்தில் உலோக அயனி மட்டுமே தகட்டிலிருந்து வெளிவருவதால் சல்பேட்டு போன்ற துணை அயனிகள் நீரில் சேர்வதில்லை.

செயற்படும் விதம்

மின்னழுத்த மூலத்தின் நேர்முனையுடன் இணைக்கப்பட்ட தகடு நேர்மின்வாய் எனவும், எதிர்முனையுடன் இணைக்கப்பட்ட தகடு எதிர்மின்வாய் எனவும் அழைக்கப்படுகின்றன. இரும்புத் தகடுகளைப் பயன்படுத்தும்போது நிகழும் மாற்றங்கள் வருமாறு:

1. நேர்மின்வாயில் ஒவ்வொரு இரும்பு அணுவும் 2 எலக்ட்ரான்களை இழந்து, இரட்டை நேர்மின்னேற்றம் கொண்ட இரும்பு அயனியாக நீரில் இறங்குகிறது.

2. எதிர்மின்வாயில் நீர் மூலக்கூறுகள் எலக்ட்ரான்களைப் பெற்று, ஐதரசன் வளிமமாகவும் ஐதராக்சைடு அயனிகளாகவும் பிரிகின்றன.

3. கரைந்த இரும்பு அயனி, நீரில் கரைந்துள்ள ஆக்சிசனால் ஆக்சிசனேற்றம் அடைந்து மும்மின்னேற்ற நிலையை எய்துகிறது. இந்நிலையில் இரும்பு நீரில் ஏறத்தாழக் கரைவதே இல்லை. எனவே அது துரு நிற வீழ்படிவாகப் பிரிகிறது.

4. புதிதாக உருவான இவ்வீழ்படிவு மிக நுண்ணிய துகள்களால் ஆனது. எடைக்கு மிகுந்த பரப்பு கொண்டது. அப்பரப்பில் மாசுகள் ஒட்டிக்கொள்கின்றன. இது பரப்புக் கவர்ச்சி எனப்படும்.

5. ஐதரசன் குமிழிகள் திரள்களில் ஒரு பகுதியை நீர்மட்டத்திற்குத் தூக்கிச் செல்கின்றன. எஞ்சியவை அடியில் படிகின்றன.

சுருங்கக் கூறின், வீட்டு வேலிக் கம்பியிலும் பழைய குழாயிலும் மெதுவாக நிகழும் துருப்பிடித்தலே இங்கு மின்சாரத்தால் விரைவுபடுத்தப்பட்டுக் கட்டுப்பாட்டிற்குள் கொண்டுவரப்படுகிறது. நேர்மின்வாய்த் தகடு தேய்ந்துகொண்டே வருவதால், குறிப்பிட்ட காலத்திற்கு ஒருமுறை புதிய தகடு பொருத்தப்பட வேண்டும்.

அளவும் பாரடே விதியும்

எவ்வளவு உலோகம் கரையும் என்பதை மைக்கேல் பாரடே 1830களில் வகுத்த மின்னாற்பகுப்பு விதிகளைக் கொண்டு கணக்கிடலாம். கரையும் உலோகத்தின் நிறை, செலுத்தப்பட்ட மின்னேற்றத்தின் அளவிற்கு நேர்விகிதத்தில் இருக்கும். 1 ஆம்பியர் மின்னோட்டம் 1 மணி நேரம் பாய்ந்தால் கோட்பாட்டின்படி ஏறத்தாழ 1.04 கிராம் இரும்பு கரையும். அலுமினியம் எனில் ஏறத்தாழ 0.34 கிராம் கரையும்.

எடுத்துக்காட்டாக, நாளொன்றுக்கு 10,000 லிட்டர் நீரைத் தூய்மையாக்க வேண்டும் எனவும், லிட்டருக்கு 50 மில்லிகிராம் இரும்பு தேவை எனவும் கொள்வோம்.

தேவையான இரும்பு: 10,000 × 50 மில்லிகிராம் = 500 கிராம்.

தேவையான மின்னேற்றம்: 500 ÷ 1.04 = ஏறத்தாழ 480 ஆம்பியர்-மணி.

20 மணி நேரம் இயக்கினால் தேவைப்படும் மின்னோட்டம்: 480 ÷ 20 = 24 ஆம்பியர்.

தகடுகளுக்கு இடையிலான மின்னழுத்தம் 3 வோல்ட் எனில் மின்திறன்: 24 × 3 = 72 வாட்.

அதாவது, தகடுகளுக்கு மட்டும் ஒரு நாளில் செலவாகும் மின்சாரம் ஏறத்தாழ 1.44 யூனிட் ஆகும். நீரேற்றும் எக்கிகளுக்கு ஆகும் மின்சாரம் இதில் சேராது. நீரின் மின்கடத்துதிறன் குறைவாக இருந்தாலோ, தகடுகளுக்கு இடையிலான தொலைவு கூடினாலோ, தேவையான மின்னழுத்தமும் செலவும் உயரும். இவ்வளவு குறைந்த மின்னழுத்தம் போதும் என்பதால், சூரிய மின்பலகையைக் கொண்டும் இதனை இயக்க இயலும்.

வரலாறு

மின்னோட்டத்தைக் கொண்டு கழிவுநீரைத் தூய்மையாக்கும் முயற்சிகள் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கின. 1880களின் இறுதியில் இலண்டனில் வில்லியம் வெப்ஸ்டர் என்பவர் இரும்புத் தகடுகளைப் பயன்படுத்தி நகரக் கழிவுநீரைத் தெளிய வைக்கும் சோதனைகளை நடத்தினார். அமெரிக்காவில் 1906 இல் கப்பல்களின் அடித்தளத்தில் தேங்கும் நீரைத் தூய்மையாக்குவதற்கும், 1909 இல் இரும்பு, அலுமினிய மின்வாய்களைப் பயன்படுத்திக் கழிவுநீரைத் தூய்மையாக்குவதற்கும் காப்புரிமைகள் வழங்கப்பட்டன.

எனினும் இம்முறை அக்காலத்தில் பரவலாகவில்லை. மின்சாரத்தின் விலை மிகுதியாக இருந்ததும், படிகாரம் போன்ற வேதிப்பொருள்கள் மலிவாகக் கிடைத்ததும் இதற்குக் காரணங்கள் ஆகும். 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மின்சாரம் பரவலாகக் கிடைத்ததாலும், தொழிற்சாலைக் கழிவுநீர் குறித்த விதிகள் கடுமையானதாலும் இம்முறை மீண்டும் கவனம் பெற்றது.

வங்காளத்தில் ஆர்செனிக் நீக்கம்

மின் திரளாக்கத்தின் இயல்பையும் எல்லையையும் விளங்கிக்கொள்ள கங்கை ஆற்றுப் படுகையின் ஆர்செனிக் சிக்கல் ஏற்ற எடுத்துக்காட்டாகும்.

சிக்கலின் தோற்றம்

குளங்களிலும் ஆறுகளிலும் எடுக்கப்பட்ட நீரால் பரவிய வயிற்றுப்போக்கு நோய்களைத் தடுக்கும் நோக்குடன், 1970கள் முதல் வங்காளதேசத்தில் குழாய்க் கிணறுகள் பெருமளவில் அமைக்கப்பட்டன. நோய்க்கிருமிகள் குறைந்த இந்த நிலத்தடி நீரில் ஆர்செனிக் இருப்பது அப்போது அறியப்படவில்லை. எல்லைக்கு இப்பால், மேற்கு வங்காளத்தில் 1983 இல் கொல்கத்தாவைச் சேர்ந்த தோல்நோய் மருத்துவர் கே. சி. சாகா, குழாய்க் கிணற்று நீரால் ஏற்பட்ட ஆர்செனிக் நஞ்சாதலைக் கண்டறிந்தார். வங்காளதேசத்தில் இது 1993 இல் உறுதி செய்யப்பட்டது. 2000 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வெளியான கட்டுரை, வரலாற்றில் ஒரு மக்கள் தொகைக்கு நேர்ந்த மிகப் பெரிய நஞ்சாதல் என்று இதனைக் குறிப்பிட்டது. அப்போது ஏறத்தாழ 12.5 கோடியாக இருந்த அந்நாட்டு மக்களில் 3.5 கோடி முதல் 7.7 கோடி பேர் வரை பாதிப்பிற்கு உள்ளாகும் நிலையில் இருப்பதாக அக்கட்டுரை மதிப்பிட்டது.

ஆர்செனிக் கலந்த நீருக்கு நிறமோ மணமோ சுவை வேறுபாடோ இல்லை. பல ஆண்டுகள் குடித்த பின்னரே தோலில் புள்ளிகளும், உள்ளங்கை, உள்ளங்கால்களில் தடிப்புகளும் தோன்றுகின்றன. தோல், சிறுநீர்ப்பை, நுரையீரல் ஆகியவற்றில் புற்றுநோயும் உண்டாகலாம். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்ற வழிகாட்டு அளவை உலக சுகாதார நிறுவனம் 1993 இல் வகுத்தது. அதற்கு முன் இவ்வளவு 50 மைக்ரோகிராமாக இருந்தது.

இந்த ஆர்செனிக் தொழிற்சாலைகளிலிருந்து வந்தது அன்று. இமயமலையிலிருந்து ஆறுகள் அடித்து வந்த வண்டலில், இரும்பு ஆக்சைடு படிந்த மணல் துகள்களின் பரப்பில் அது ஒட்டியிருந்தது. நிலத்தடியில் ஆக்சிசன் தீர்ந்த சூழலில், கரிமப் பொருள்களை உண்டு வாழும் நுண்ணுயிர்கள் இந்த இரும்பு ஆக்சைடைக் கரைக்கின்றன. அதனுடன் ஆர்செனிக்கும் விடுபட்டு நீரில் கலக்கிறது. இரும்பு மின்வாய் கொண்ட மின் திரளாக்கம் இந்நிகழ்வைத் திருப்பி நடத்துகிறது எனலாம். ஆக்சிசன் உள்ள நீரில் இரும்பு ஆக்சைடை மீண்டும் உருவாக்கி, ஆர்செனிக்கை அதில் மீண்டும் ஒட்டவைக்கிறது.

மெதுவாகக் கரைவதன் பயன்

ஆக்சிசன் குறைந்த நிலத்தடி நீரில் ஆர்செனிக் பெரும்பாலும் ஆர்செனைட்டு வடிவில் உள்ளது. நடுநிலையான நீரில் ஆர்செனைட்டுக்கு மின்னேற்றம் இல்லை; எனவே இரும்பு வீழ்படிவில் அது எளிதில் ஒட்டுவதில்லை. அதன் ஆக்சிசனேற்ற வடிவமான ஆர்செனேட்டு மின்னேற்றம் கொண்டது; நன்கு ஒட்டக்கூடியது. இம்மாற்றத்தை நிகழ்த்த மற்ற முறைகளில் குளோரின் போன்ற ஆக்சிசனேற்றி ஒன்றைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

மின் திரளாக்கத்தில் இரட்டை மின்னேற்ற இரும்பு, ஆக்சிசனுடன் வினைபுரியும்போது மிகுந்த வினைத்திறன் கொண்ட இடைநிலைப் பொருள்கள் கணப்பொழுது தோன்றி மறைகின்றன. இவை ஆர்செனைட்டை ஆர்செனேட்டாக மாற்றுகின்றன. தேவையான இரும்பு முழுவதையும் ஒரே நேரத்தில் கொட்டினால், இந்த இடைநிலைப் பொருள்களை எஞ்சியுள்ள இரும்பே பெரும்பாலும் கவர்ந்துகொள்கிறது. மின்னோட்டத்தால் இரும்பைச் சிறிது சிறிதாக விடும்போது ஆர்செனைட்டுக்குக் கூடுதல் பங்கு கிடைக்கிறது. எனவே ஒரே அளவு இரும்பு என்றாலும், அது நீரில் சேரும் வேகத்தைப் பொறுத்து விளைவு மாறுபடும்.

பள்ளியில் அமைந்த நிலையம்

வேதியியல் சரியாக இருப்பதாலேயே ஒரு நிலையம் நிலைத்துவிடுவதில்லை. மேற்கு வங்காளத்தில் 11 நிறுவனங்கள் தயாரித்த, வெவ்வேறு முறைகளில் இயங்கிய 18 ஆர்செனிக் நீக்கக் கருவிகளை 2 ஆண்டுகள் கண்காணித்த ஆய்வு 2005 இல் வெளியானது. அவற்றில் ஒன்றுகூட நீரை 10 மைக்ரோகிராம் அளவிற்குள் தொடர்ந்து வைத்திருக்கவில்லை. பராமரிப்பின்மையும் பயனாளர்களின் பங்களிப்பு இல்லாமையும் முக்கியக் காரணங்களாகக் கூறப்பட்டன.

இப்பின்னணியில் அசோக் காட்கில் தலைமையில் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகமும் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகமும், கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்துடன் இணைந்து, இரும்பு மின்வாய் முறையை ஊர்ப்புறத்திற்கு ஏற்றவாறு வடிவமைத்தன. தெற்கு 24 பர்கனா மாவட்டத்தின் தப்தப்பியில் உள்ள பள்ளி ஒன்றில் நாளொன்றுக்கு 10,000 லிட்டர் நீர் தரக்கூடிய நிலையம் 2016 இல் இயங்கத் தொடங்கியது. லிட்டருக்கு ஏறத்தாழ 250 மைக்ரோகிராம் ஆர்செனிக் கொண்டிருந்த நிலத்தடி நீர் அங்கு 10 மைக்ரோகிராமுக்கும் கீழ்க் கொண்டுவரப்பட்டது. உள்ளூரில் கிடைக்கும் சாதாரண இரும்புத் தகடுகள் மின்வாய்களாகப் பயன்பட்டன. திரள்கள் விரைவாகப் படிவதற்குச் சிறிதளவு படிகாரமும் சேர்க்கப்பட்டது. எனவே "வேதிப்பொருளே இல்லை" என்னும் கூற்று இங்கும் முழுமையாகப் பொருந்தாது. தொலைவிலிருந்து தொடர்ந்து கொண்டுவர வேண்டிய பொருள்கள் குறைந்தன என்பதே பொருத்தமானது.

பின்னர், காற்றிலுள்ள ஆக்சிசனைப் பயன்படுத்தி ஐதரசன் பெராக்சைடை உருவாக்கும் எதிர்மின்வாயை இதே குழுவினர் உருவாக்கினர். இதில் இரும்பின் ஆக்சிசனேற்றம் மிக விரைவாக நிகழ்வதால், குறைந்த நேரத்தில் கூடுதல் நீரைத் தூய்மையாக்க இயல்கிறது.

நீங்கும் பிற மாசுகள்

* புளோரைடு: குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் பற்களும், அளவு மேலும் கூடினால் எலும்புகளும் பாதிக்கப்படுகின்றன. தமிழகத்தில் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இச்சிக்கல் உள்ளது. புளோரைடை நீக்க அலுமினியத் தகடுகள் ஏற்றவை. காரைக்குடியில் 1953 இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் இவ்வகை முறைகள் ஆராயப்பட்டுள்ளன.

* குரோமியம்: குரோம் முலாம் பூசும் தொழிற்கூடங்களின் கழிவுநீரில் நச்சுத்தன்மை மிக்க ஆறிணைதிறக் குரோமியம் உள்ளது. இரும்புத் தகட்டிலிருந்து வரும் அயனி இதனை நச்சுத்தன்மை குறைந்த மூவிணைதிறக் குரோமியமாக மாற்றி வீழ்படியச் செய்கிறது.

* எண்ணெய்ப் பிசுக்கு: நீரில் நுண்துளிகளாகக் கலந்துள்ள எண்ணெய் திரண்டு, ஐதரசன் குமிழிகளுடன் மேலே மிதக்கிறது.

* சாயங்கள்: துணிச் சாயக் கழிவுநீரின் நிறத்தைப் பெருமளவு குறைக்க இயலும்.

நீங்காத மாசுகள்

சோடியம், குளோரைடு, நைட்ரேட்டு போன்ற, எளிதில் வீழ்படிவாகாத அயனிகளை மின் திரளாக்கம் நீக்குவதில்லை. எனவே உப்பு நீரை இது நன்னீராக மாற்றாது.

சாயக் கழிவுநீரில் இவ்வேறுபாடு தெளிவாகப் புலப்படும். சாயமேற்றும்போது உப்பு பெருமளவில் பயன்படுத்தப்படுகிறது. மின் திரளாக்கத்தின் பின் நீர் நிறமிழந்து தெளிவாகத் தோன்றினாலும் உப்பு அப்படியே இருக்கும். அந்நீரை வயலில் பாய்ச்சினால் மண் கெடும். திருப்பூரில் நொய்யல் ஆறு மாசடைந்தது தொடர்பான வழக்கில் 2011 இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. அங்கு நிறத்துடன் கரைந்த உப்பும் முதன்மைச் சிக்கலாக இருந்தது. கண்ணுக்குத் தெளிவாக இருப்பது தூய்மைக்குச் சான்றாகாது.

நோய்க்கிருமிகளில் ஒரு பகுதி திரள்களுடன் நீங்கினாலும், குடிநீருக்குத் தனியான கிருமி நீக்கம் தேவை.

தொடர்புடைய மின்வேதி முறைகள்

* மின்தேக்கி முறை: நுண்துளைகள் நிறைந்த கரி மின்வாய்களுக்கு இடையே நீரைச் செலுத்தும்போது உப்பின் அயனிகள் அவற்றில் கவரப்படுகின்றன. பின்னர் மின்வாய்களை மின்னிறக்கம் செய்து அயனிகள் கழுவி வெளியேற்றப்படுகின்றன. உவர்ப்பு குறைந்த நீருக்கு இது ஏற்றது.

* மின் ஊடுபிரிப்பு: அயனிகளைத் தேர்ந்து கடத்தும் சவ்வுகளின் வழியே மின்னழுத்தத்தால் உப்பு பிரிக்கப்படுகிறது.

* மின் ஆக்சிசனேற்றம்: கரையாத நேர்மின்வாய்களின் பரப்பில் கரிமச் சேர்மங்கள் சிதைக்கப்படுகின்றன. இதில் கசடு குறைவு, மின்செலவு மிகுதி.

* மின் குளோரினாக்கம்: உப்பு நீரை மின்னாற்பகுத்துக் கிருமிநீக்கிக் கரைசல் அதே இடத்தில் தயாரிக்கப்படுகிறது.

நன்மைகள்

* அரிக்கும் தன்மையுள்ள வேதிப்பொருள்களைக் கொண்டு செல்லவும் சேமிக்கவும் தேவை குறைகிறது.
* மின்னோட்டத்தை மாற்றுவதன் மூலம் உலோகத்தின் அளவை எளிதில் கட்டுப்படுத்தலாம்.
* நீரில் கூடுதல் உப்பு சேர்வதில்லை.
* கருவியின் அமைப்பு எளிமையானது.

குறைகள்

* தடையற்ற மின்சாரம் தேவை.
* நாளடைவில் தகடுகளின் மேல் ஆக்சைடும் சுண்ணாம்புப் படிவும் சேர்ந்து உலோகம் கரைவதைத் தடுக்கின்றன. மின்னோட்டத்தின் திசையை அவ்வப்போது மாற்றுதல், தகடுகளைச் சுரண்டித் துலக்குதல் ஆகியவை இதற்கான தீர்வுகள்.
* பாசுபேட்டு, சிலிக்கேட்டு ஆகியவை ஆர்செனிக்குடன் போட்டியிட்டு வீழ்படிவின் பரப்பில் இடம் பிடிப்பதால், அவை மிகுந்த நீருக்குக் கூடுதல் இரும்பு தேவைப்படும். ஓர் ஊரின் நீருக்கு வகுத்த அளவு மற்றோர் ஊருக்குப் பொருந்தாமல் போகலாம்.
* அலுமினியத் தகடுகளைப் பயன்படுத்தும்போது நீரில் எஞ்சும் அலுமினியத்தின் அளவைக் கண்காணிக்க வேண்டும்.
* ஐதரசன் எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதால் நிலையத்தில் நல்ல காற்றோட்டம் இருக்க வேண்டும்.

கசடு மேலாண்மை

மேற்கூறிய எடுத்துக்காட்டில் நாளொன்றுக்குக் கரையும் 500 கிராம் இரும்பு, ஆக்சிசனுடனும் ஐதரசனுடனும் சேர்ந்து உலர்ந்த நிலையில் ஏறத்தாழ 800 முதல் 950 கிராம் வரையிலான கசடாகிறது. லிட்டருக்கு 250 மைக்ரோகிராம் ஆர்செனிக் கொண்ட 10,000 லிட்டர் நீரில் மொத்தம் 2.5 கிராம் ஆர்செனிக் உள்ளது. ஓராண்டில் இது ஏறத்தாழ 900 கிராம் ஆகும். நீரில் பரவியிருந்த இந்நஞ்சு முழுவதும், ஏறத்தாழ 300 முதல் 350 கிலோகிராம் வரையிலான கசடில் செறிந்திருக்கும்.

இக்கசடைக் குளத்திலோ வயலிலோ கொட்டினால், ஆக்சிசன் அற்ற சேற்றில் இரும்பு ஆக்சைடு மீண்டும் கரைந்து ஆர்செனிக் மீண்டும் நீருக்குத் திரும்பக்கூடும். நிலத்தடியில் முதலில் நிகழ்ந்ததும் இதுவே. எனவே கசடை உலர்த்தி, பாதுகாக்கப்பட்ட கழிவு நிலப்பரப்பில் சேர்க்க வேண்டும். கற்காரையில் கலந்து நிலைப்படுத்தும் வழிகளும் ஆராயப்பட்டுள்ளன. குழாயில் வரும் நீரின் ஆர்செனிக் அளவைத் தொடர்ந்து சோதிப்பதும், கசடு சென்று சேரும் இடத்தைப் பதிவு செய்வதும் இத்தகைய நிலையத்தின் பிரிக்க முடியாத பகுதிகள் ஆகும்.